ஸ்லாக் சிமெண்டும் கறுப்பு மண்ணும்: விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

எள்ளை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். நெல்லை அரைத்தால் அரிசியோடு தவிடும் குறுநொய்யும் உமியும். கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தால் மிஞ்சுவது மொலாசஸ். இவற்றில் எதையும் நாம் குப்பையில் கொட்டுவதில்லை. புண்ணாக்கு மாட்டுத் தீவனமாகப் போகிறது. தவிட்டிலிருந்து எடுத்த எண்ணெய், நம் கடை அலமாரியில் கடலை எண்ணெய்க்குப் பக்கத்திலேயே பாக்கெட்டில் நிற்கிறது. ஆனால் அதே தவிட்டைக் கோதுமை மாவில் கலந்து, மாவு என்று சொல்லி விற்றால் அதற்குப் பெயர் கலப்படம். பெயர் சொல்லி விற்றால் வியாபாரம்; பெயரை மறைத்து விற்றால் குற்றம். மளிகை வியாபாரத்தில் இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இரும்பு, தாமிரம் உருக்கும் தொழிலிலும் இப்படித்தான் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம் இன்று சிமெண்ட் மூட்டைக்குள்ளும், கான்கிரீட்டுக்குள்ளும், சாலைக்குள்ளும், சில நேரம் மனை நிரப்பும் மண்ணோடும் நம் பகுதிக்கு வருகிறது. மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகையோடு பத்து இருபது மூட்டை சிமெண்டும் வைத்து விற்கும் கடைகள் உண்டு. விற்காதவர்களும் கடை கட்டுகிறோம், குடோன் எழுப்புகிறோம், வீட்டுக்கு மேல் மாடி போடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான மனையை மண் கொட்டி உயர்த்தாமல் கட்டிடம் தொடங்குவோர் குறைவு. ஆகவே இந்தச் சரக்கின் நல்லது கெட்டதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

சிட்டம் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ஸ்லாக் என்பதைத் தமிழில் கசடு என்றும் சிட்டம் என்றும் சொல்வர். நாட்டு மருந்துச் சரக்கு விற்பவர்களுக்கு இது புதிதல்ல. சித்த மருந்துகளில் சேரும் மண்டூரம் என்பது பழைய இரும்புச் சிட்டம்தான்.

இரும்புத் தாதுவோடு கல்கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து, ஊது உலையில் சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் உருக்குகிறார்கள். இரும்பு கனமானது, அடியில் தங்கும். தாதுவில் இருந்த மணலும் களிமண்ணும் சுண்ணாம்போடு கூடி, எண்ணெய் மேல் மிதப்பதுபோல் இரும்பின் மேல் மிதக்கும். அந்த மிதப்புதான் ஸ்லாக். ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ வரை விழும்.

நம் பக்கத்தில் பெரிய ஊது உலைகள் விசாகப்பட்டினத்திலும், கர்நாடகத்தில் பெல்லாரி பகுதியிலுள்ள தோரணகல்லிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் மேச்சேரிக்கு அருகிலுள்ள ஆலையிலும் ஊது உலை உண்டு. நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஊது உலை கிடையாது. இங்கே இருப்பவை வார்ப்படப் பட்டறைகளும் எந்திரப் பட்டறைகளும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

கசடு சிமெண்ட் ஆவது எப்படி?

உருகி ஓடும் கசடைத் தரையில் கொட்டி மெதுவாக ஆறவிட்டால், அது கல்லாக இறுகும். உடைத்தால் ஜல்லி. அதே கசடின் மேல் வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சி நொடியில் குளிரவைத்தால், அது கல்லாகாமல் கண்ணாடித் தன்மையுள்ள குறுமணலாகச் சிதறும். இந்தக் குறுமணலை மாவாக அரைத்துச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்தால், தண்ணீர் பட்டதும் சிமெண்ட் போலவே இறுகும். 1862-ல் எமில் லாங்கன் என்ற ஜெர்மானியர் இந்தக் குணத்தைக் கண்டறிந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழக்கத்தில் இருக்கும் சரக்கு என்பதால், இது புதுச் சோதனை என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஸ்லாக் சிமெண்டுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 455. இதன்படி சிமெண்டில் ஸ்லாக் 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 50 கிலோ மூட்டையில் பன்னிரண்டரை கிலோ முதல் 35 கிலோ வரை கசடு மாவுதான். கேட்டவுடன் திடுக்கிடுவோம். ஆனால் நாம் தினமும் விற்கும் பி.பி.சி. சிமெண்டிலும் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. மூட்டையில் அச்சிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, அளவு தெரிந்து சேர்ப்பதால் அதைக் கலப்படம் என்று எவரும் சொல்வதில்லை.

ஆலைக்காரர் ஏன் இதைச் சேர்க்கிறார்? சிமெண்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு அதைச் செய்கிறார்கள். ஒரு டன் கிளிங்கர் செய்யும்போது ஏறத்தாழ 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஸ்லாக் ஏற்கெனவே ஓர் உலையில் வெந்து வந்த சரக்கு. அதை உலர்த்தி அரைத்தால் போதும். நிலக்கரி மிச்சம், சுண்ணாம்புச் சுரங்கம் மிச்சம்.

வாங்குபவருக்கும் ஆதாயம் உண்டு. ஸ்லாக் சிமெண்ட் இறுகும்போது சூடு குறைவு. கனமான அஸ்திவாரத்துக்கு அது நல்லது. உப்பு நீரும் சல்பேட் கலந்த மண்ணும் கான்கிரீட்டை அரிப்பதை இது நன்கு தாங்கும். கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, 50 சதவீதத்துக்கு மேல் ஸ்லாக் உள்ள சிமெண்ட் சல்பேட்டை எதிர்ப்பதில் மேலானது என்று குறிப்பிடுகிறது. செப்டிக் டேங்க், நிலத்தடித் தொட்டி, நீர் ஊறும் மனையில் அஸ்திவாரம் ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் தாராளமாக இதைக் கேட்டு வாங்கலாம்.

கவுண்டரில் எழும் கேள்விகள்

ஸ்லாக் சிமெண்ட் விற்கும் கடைக்கு மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றுக்கும் பதில் தெரிந்திருந்தால் வாடிக்கையாளரை இழக்க வேண்டியதில்லை.

முதல் புகார்: "நிறம் வெளுத்திருக்கிறதே, சுண்ணாம்பு கலந்திருக்கிறதா?" ஸ்லாக் மாவு வெளிர் நிறம். அதனால் இந்தச் சிமெண்டும் சற்று வெளுப்பாகவே இருக்கும். கருநிறம்தான் நல்ல சிமெண்ட் என்பது கொத்தனார்களிடையே நிலவும் பழைய நம்பிக்கை. நிறத்துக்கும் பலத்துக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது புகார்: "உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் நீலமுமாக இருக்கிறது." ஸ்லாக்கில் உள்ள கந்தகச் சேர்மத்தால் புதுக் கான்கிரீட்டின் உட்புறம் நீலப் பச்சையாகத் தெரிவதுண்டு. காற்றுப் பட்டதும் நாளடைவில் மறைந்துவிடும். இது கோளாறு அல்ல.

மூன்றாவது புகார்தான் முக்கியமானது: "சீக்கிரம் இறுகவில்லை." இது உண்மை. தர நிர்ணயப்படி 43 கிரேடு சாதாரண சிமெண்ட் மூன்றாம் நாளில் குறைந்தது 23, ஏழாம் நாளில் 33, இருபத்தெட்டாம் நாளில் 43 என்ற பலத்தைக் காட்ட வேண்டும். ஸ்லாக் சிமெண்டுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு 16, 22, 33. பெரும்பாலும் மூட்டைகள் இதற்கு மேலேயே பலம் காட்டும். ஆனாலும் முதல் வாரத்தில் மெதுவாக ஏறுவது இதன் இயல்பு. ஏறும் பலம் மாதக்கணக்கில் தொடர்ந்து ஏறும். அதற்குத் தண்ணீர் வேண்டும், பொறுமை வேண்டும்.

எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும்? ஐ.எஸ். 456 சொல்வது இது. சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள். ஸ்லாக் சிமெண்ட், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். வெயில் காய்ந்து காற்று வறண்ட காலமாக இருந்தால் சாதாரண சிமெண்டுக்கு 10 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள். சித்திரை, வைகாசியில் நம் வட்டாரத்தில் கூரை போடுவோர் பதினான்கு நாளையே கணக்காகக் கொள்ள வேண்டும். கூரையில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதோடு, தூண்களுக்கு ஈரச் சணல் சாக்கு சுற்றவும் மறக்கக் கூடாது.

சென்டரிங் பிரிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சாதாரண சிமெண்டாக இருந்தால், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைக்கு முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேல் 14 நாளிலும் எடுக்கலாம் என்பது விதி. வேறு சிமெண்டாக இருந்தால் அந்த நாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே விதி கூறுகிறது. எத்தனை நாள் என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். பலகை வாடகையை மிச்சம் பிடிக்க ஏழாம் நாளே முட்டைத் தட்டும் மேஸ்திரியும் உண்டு. அந்தக் கூரை விரிசல் விட்டால், அவர் முதலில் குறை சொல்வது சிமெண்ட் விற்ற கடையைத்தான்.

எல்லாச் சிட்டமும் ஒன்றல்ல

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஸ்லாக் நல்லது என்று கேள்விப்பட்டதும், எந்த உலையில் விழுந்த கசடும் நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். எண்ணெய் என்றால் எல்லாமே தாளிக்க ஆகுமா?

மேலே சொன்னது இரும்பு ஊது உலைக் கசடு. இரும்பை எஃகாக மாற்றும்போது விழுவது எஃகுக் கசடு. இதில் சேராத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். வீட்டில் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் எப்படிப் பொங்குகிறதோ, அப்படி இதுவும் ஈரம் பட்டால் மெல்ல ஊதிப் பெருக்கும். கான்கிரீட்டுக்குள் ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். ஆகையால் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுப் பக்குவப்படுத்திய பிறகே பயன்படுத்துகிறார்கள். பக்குவம் செய்தால் சாலைக்கு உதவும். குஜராத்தில் சூரத்தை அடுத்த ஹசீராவில் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் பக்குவப்படுத்திய எஃகுக் கசடைக் கொண்டு போட்ட ஆறு வழிச் சாலை 2022 ஜூனில் திறக்கப்பட்டது. கனரக லாரிகள் அதில் ஓடுகின்றன.

மணல், ஜல்லிக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 383. 2016-ல் திருத்தியபோது இந்தக் கசடுகளுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். மணலுக்குப் பதிலாக எவ்வளவு சேர்க்கலாம் என்பதைப் பாருங்கள். இரும்புக் கசடு: கம்பி இல்லாத கான்கிரீட்டில் 50 சதவீதம், கம்பி கட்டிய கான்கிரீட்டில் 25 சதவீதம். தாமிரக் கசடு: கம்பி இல்லாததில் 40, கம்பி கட்டியதில் 35 சதவீதம். எஃகுக் கசடு: கம்பி இல்லாததில் 25 சதவீதம், கம்பி கட்டிய கான்கிரீட்டில் அறவே கூடாது. வீட்டுக் கூரை, தூண், பீம் எல்லாம் கம்பி கட்டிய கான்கிரீட் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, ஸ்லாக் மாவு மட்டும் தனி மூட்டையாகவும் வருகிறது. ஜி.ஜி.பி.எஸ். என்று அதன் மேல் எழுதியிருக்கும். இதற்கு 2018-ல் வந்த தனித் தர நிர்ணயம் ஐ.எஸ். 16714. இது ரெடிமிக்ஸ் ஆலைகளுக்கான சரக்கு. அங்கே சாதாரண சிமெண்டோடு எடைபோட்டு, பரிசோதனை செய்து கலப்பார்கள். தனியாக இது சிமெண்ட் ஆகாது. ஏற்கெனவே ஸ்லாக் உள்ள சிமெண்டிலோ பி.பி.சி.யிலோ கொத்தனார் கைக்கணக்காக இதை அள்ளிப் போட்டால், பலம் எவ்வளவு குறையும் என்று எவரும் சொல்ல முடியாது. "விலை குறைந்த சிமெண்ட்" என்று இந்த மூட்டையை யாராவது உங்கள் கடையில் இறக்க வந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.

தூத்துக்குடி சொல்லும் பாடம்

தாமிரம் உருக்கும்போது ஒரு டன் தாமிரத்துக்குச் சுமார் இரண்டு டன் கசடு விழும். கறுத்து, மினுமினுப்பாக, கையில் எடுத்தால் ஆற்று மணலைவிடக் கனமாக இருக்கும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை 1990-களின் பிற்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கி, பின்னாளில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் தாமிரம் என்ற அளவுக்கு வளர்ந்தது. அப்படியானால் விழும் கசடு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அது சாலை போடவும், பள்ளம் நிரப்பவும், சிமெண்ட் ஆலைக்கும், துரு நீக்க வீசியடிக்கும் மணலாகவும் போயிற்று.

அதே கசடு உப்பாறு ஓடையை ஒட்டியும் பட்டா நிலங்களிலும் குவிந்தது. 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணங்களில் ஓடைக்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றாததும் ஒன்று. அந்த ஆண்டு மே 22-ஆம் நாள் போராட்டத்தின்போதும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை நாம் அறிவோம். மே 28-ல் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பதினொரு இடங்களில் முறையின்றிக் கிடந்த கசடும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

இந்த வழக்கில் காற்றும் நிலத்தடி நீரும் பற்றிய பெரிய குற்றச்சாட்டுகளும் இருந்தன. நாம் இங்கே எடுத்துக்கொள்வது கசடு பற்றிய பகுதியை மட்டும். 2016-ல் தர நிர்ணய நூலில் கட்டிடப் பொருளாக இடம் பிடித்த சரக்கு, இரண்டே ஆண்டில் ஓர் ஆலையின் மேல் எழுந்த குற்றச்சாட்டிலும் இடம் பிடித்தது. அளந்து, சோதித்து, கணக்கு வைத்துக் கான்கிரீட்டில் போனது கட்டிடப் பொருள். கணக்கில்லாமல் ஓடைக்கரையில் கிடந்தது கழிவு. இடையில் மாறியது சரக்கின் குணம் அல்ல. அதைக் கையாண்ட முறை.

நம் பேட்டையின் கறுப்பு மண்

தூத்துக்குடி தூரத்தில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடி, திருமுல்லைவாயில் பக்கத்துப் பட்டறைகளும் நம் ஊருக்குச் சோறு போடுபவை. நம் கடைகளின் மாதக் கணக்கு வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே வேலை செய்பவர்கள். வார்ப்படப் பட்டறை ஒழுங்காக நடந்தால்தான் நம் வியாபாரமும் நடக்கும்.

வார்ப்படம் செய்ய மணலில் அச்சு எடுக்கிறார்கள். சிலிகா மணலோடு பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் சேர்த்துப் பிசைந்து அச்சாக்கி, உருகிய உலோகத்தை அதில் ஊற்றுவார்கள். சில பட்டறைகளில் களிமண்ணுக்குப் பதில் ரெசின் பசை சேர்ப்பதுண்டு. பலமுறை சூடுபட்ட பின் அந்த மணல் கருகி, அச்சுக்கு உதவாமல் வெளியே வரும். வார்ப்படக்காரர்கள் இதை பவுண்டரி மணல் என்பார்கள். வெளியே இதற்குக் கறுப்பு மண் என்றே பெயர்.

வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் இந்த மணலைச் சோதித்து, ஒரு பங்கு மட்டும் சேர்த்துத் தரைக்கல், செங்கல் செய்யும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. முறையாகச் செய்தால் குற்றமில்லை. ஆனால் "லோடு மலிவு, வீட்டுக்கு இறக்கிவிடுகிறேன்" என்று வரும் கறுப்பு மண்ணுக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. அதை இரண்டு வகையில் பார்க்க வேண்டும்.

பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் அது உதவாது. களிமண்ணும் கரித்தூளும் மணல் பருக்கையின் மேல் படிந்திருப்பதால் சிமெண்ட் ஒட்டிப் பிடிக்காது. தண்ணீரை அதிகம் குடிக்கும். பலம் இறங்கும். மேலே சொன்ன ஐ.எஸ். 383 பட்டியலில் இரும்பு, எஃகு, தாமிரக் கசடுகளுக்கு இடம் உண்டு. பவுண்டரி மணலுக்கு இடம் இல்லை. பட்டறை உலையில் விழும் கசடும் அப்படித்தான். மெதுவாக ஆறியது, நாளுக்கு ஒரு விதமாக இருப்பது. அதை அரைத்தால் ஸ்லாக் சிமெண்ட் வராது.

மனை நிரப்ப அதைக் கொட்டுவது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். வெறும் இரும்பு வார்ப்பட மணல் என்றால் ஆபத்து குறைவு. பித்தளை, வெண்கலம் வார்த்த மணலில் ஈயமும் துத்தநாகமும் தாமிரமும் தங்கியிருக்கக்கூடும். ரெசின் மணலில் பீனால் போன்றவை இருக்கக்கூடும். கலந்து வந்த லோடில் எது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆறு மாதம் மழை நீர் அதன் வழியாக இறங்கும்போது, அந்த நீர் போய்ச் சேருமிடம் நம் கிணறும் போர்வெல்லும்தான். மெட்ரோ தண்ணீர் எட்டாத தெருக்களில் அந்தப் போர்வெல் நீரில்தான் சோறு வேகிறது. லோடுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து, பின்னர் ஆயுள் முழுவதும் கேன் தண்ணீர் வாங்குவது என்ன கணக்கு?

சட்டம் கடைக்காரரிடம் என்ன கேட்கிறது?

சிமெண்ட் கட்டாய முத்திரை உள்ள சரக்கு. 2003-ஆம் ஆண்டின் சிமெண்ட் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் அதை விற்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டத்தின் தடை, ஆலைக்காரரோடு நிற்கவில்லை. விற்பவர், விற்பனைக்காக இருப்பு வைப்பவர் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். பத்து மூட்டை வைத்திருக்கும் மளிகைக் கடையும் அதற்குள் அடங்கும்.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் நேரும் கேட்டுக்கு விற்பவரின் பொறுப்பு என்ன என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஆலைக்காரர் கொடுக்காத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்து, பொருள் அப்படி அமையாமல் போனால், பொறுப்பு கடைக்காரரைச் சேரும். பொருளைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி ஆலைக்காரர் தந்த அறிவுரையை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டாலும் அவ்வாறே.

ஆகவே "இந்தச் சிமெண்டும் அதே மாதிரிதான் சார், ஏழு நாளில் பிரித்துவிடலாம்" என்று வாய்ப்பேச்சில் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல. அது நம் தலையில் நாமே ஏற்றிக்கொள்ளும் சுமை. "இது ஸ்லாக் சிமெண்ட், பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் கட்டுங்கள், வெயிலில் பதினான்கு நாள்" என்று சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் கூரையும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.

பில்லில் பெயரை மறைக்க வரி ஒரு காரணமாகவும் இல்லை. ஓ.பி.சி., பி.பி.சி., ஸ்லாக் சிமெண்ட் மூன்றும் 2523 என்ற ஒரே தலைப்பில், ஒரே விகிதத்தில் வருபவை. 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தபோதும் மூன்றுக்கும் சேர்த்தே குறைந்தது.

கடையில் செய்ய வேண்டியவை

1. மூட்டை இறங்கும்போதே முத்திரையைப் பாருங்கள். சாதாரண சிமெண்டுக்கு ஐ.எஸ். 269, சாம்பல் சேர்ந்த பி.பி.சி.க்கு ஐ.எஸ். 1489, ஸ்லாக் சிமெண்டுக்கு ஐ.எஸ். 455. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் ஆலையின் பெயர் வரும்.

2. மூட்டையில் வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். முதலில் வந்தது முதலில் போகட்டும். விற்பவரிடம் மூன்று மாதத்துக்கு மேல் தங்கிய மூட்டையைச் சோதித்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. சின்னக் கடைக்குச் சோதனை கட்டுப்படியாகாது. ஆகவே மூன்று மாதத்தில் விற்கும் அளவுக்கே வாங்குங்கள்.

3. பலகை போட்டு அடுக்குங்கள். சுவரை ஒட்டாமல் இரண்டடி தள்ளி வையுங்கள். பத்து மூட்டை உயரத்துக்கு மேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் மூடி வையுங்கள். உப்பு மூட்டைக்கு அருகில் அறவே வேண்டாம்.

4. வகை வேறு என்றால் அடுக்கும் வேறாக இருக்கட்டும். ஒரே கூரைக்குப் பாதி ஓ.பி.சி., பாதி ஸ்லாக் சிமெண்ட் என்று கலந்து அனுப்பாதீர்கள். ஒன்று ஒரு வேகத்தில் இறுகும், மற்றது வேறு வேகத்தில் இறுகும்.

5. பில்லில் கம்பெனிப் பெயரோடு சிமெண்ட் வகையையும் எழுதுங்கள். கியூரிங் நாள் எத்தனை என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து பில்லின் பின்புறம் குத்திக் கொடுத்தால் இன்னும் நல்லது.

6. மணல், ஜல்லி, நிரப்பு மண் வாங்கித் தரும் வியாபாரிகள், எந்த இடத்துச் சரக்கு என்று எழுதிய பில் இல்லாமல் லோடு எடுக்காதீர்கள். தாமிரக் கசடு, எஃகுக் கசடு என்றால் சோதனைச் சான்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

7. பேட்டையிலிருந்து வரும் கறுப்பு மண்ணை எந்த விலைக்கும் வீட்டு மனைக்கு வாங்கித் தராதீர்கள். ஏரிக்கரையிலோ காலி மனையிலோ யாராவது கொட்டுவதைக் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கலாம்.

வார்ப்படப் பட்டறை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மணலை யாருக்குக் கொடுக்கிறீர்கள், அது எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் சரக்குக்கு நல்ல பெயர் கிடைப்பதும் கெட்ட பெயர் கிடைப்பதும் அந்த நோட்டில் இருக்கிறது.

தவிட்டைத் தவிடு என்றும் புண்ணாக்கைப் புண்ணாக்கு என்றும் சொல்லி விற்று நாம் தலைமுறையாகக் கடை நடத்துகிறோம். இரும்புச் சிட்டத்துக்கும் அதே நாணயம் போதும். அடுத்த லோடு இறங்கும் நாளில் முதல் மூட்டையைத் திருப்பி, முத்திரையையும் வாரத்தையும் படித்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.